அவருக்கு இருக்கிறதையே இவருக்கும் போட்டுடுங்க

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சிஸ்டம் அட்மினாக இருக்கும் யாரிடமாவது பேசிப் பாருங்கள். புதிதாக ஓர் ஆள் சேர்ந்த அன்று டீம் லீடிடமிருந்து அட்மினுக்கு வரும் கோரிக்கை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “முன்னாடி இருந்தவருக்கு என்னென்ன ஆக்சஸ் இருந்துச்சோ, அதையே இவருக்கும் போட்டுடுங்க.” கேட்பவருக்கும் வேலை மிச்சம், செய்பவருக்கும் வேலை மிச்சம். ஆனால் முன்னாடி இருந்தவர் ஆறு வருடம் அங்கே குப்பை கொட்டியவர். நடுவில் இரண்டு மாதம் வேறொரு புராஜெக்ட்டுக்கு உதவப் போனார். அப்போது கொடுத்த அனுமதி அப்படியே கிடக்கிறது. மேனேஜர் லீவில் போன வாரத்தில் அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்தார், அதுவும் கிடக்கிறது. கல்லூரி முடித்துவிட்டு நேற்று வந்து உட்கார்ந்த பையனுக்கு இத்தனையும் ஒரே கிளிக்கில் வந்து சேர்கிறது. அவனுக்கு இவ்வளவு அதிகாரம் கொடுக்க வேண்டும் என்று அந்த அலுவலகத்தில் ஒருவரும் நினைக்கவில்லை.

அனுமதி வேண்டும் என்று கேட்டு வர ஆள் உண்டு. கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டு ஒருவரும் வருவதில்லை. பயனர் கணக்குகள், அனுமதிகள் பற்றிய அறுபது வருட ஆராய்ச்சியில் கடினமான பகுதிகள் எல்லாம் இந்த இடத்தைச் சுற்றியே இருக்கின்றன.

புராஜெக்ட் மேனேஜ்மென்ட் மென்பொருள் என்பது வெளிப்பார்வைக்கு ஒரு வேலைப் பட்டியல். யார், எதை, எப்போது முடிக்க வேண்டும் என்பது அதில் இருக்கும். கொஞ்ச நாள் ஓடிய பிறகு உள்ளே பார்த்தால் கதை வேறு. வாடிக்கையாளரின் புகார்கள், ஒப்பந்த நகல்கள், யார் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்கள் என்ற கணக்கு, இன்னும் சரிசெய்யப்படாத பாதுகாப்பு ஓட்டைகள், அவசரத்தில் யாரோ கமென்ட்டில் ஒட்டிவிட்டுப் போன சர்வர் பாஸ்வேர்ட் என்று எல்லாம் சேர்ந்திருக்கும். அதனால்தான் இந்த மென்பொருளில் யார் எதைப் பார்க்கலாம் என்பது சின்ன விஷயமில்லை.

உதாரணத்துக்கு ரெட்மைனை எடுத்துக்கொள்ளலாம். ழான் பிலிப் லாங் என்பவர் 2006இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் இது. ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதப்பட்டது. மூலநிரல் திறந்து கிடப்பதால் அனுமதி முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதை யாரும் பார்த்துக்கொள்ளலாம். நிறுவி முடித்ததும் அதில் ஒரே ஒரு கணக்கு இருக்கும். பெயர் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’. உள்ளே நுழைந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை அதை மாற்றுவது. அடுத்த வேலை, அந்தக் கணக்கை அன்றாட வேலைக்குப் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்வது. ரெட்மைனில் நிர்வாகி என்பது மற்ற ரோல்களை (பொறுப்புகளை)ப் போல ஒரு ரோல் இல்லை. எல்லா ரோல்களுக்கும் மேலே இருக்கும் ஒரு டிக் மார்க். அது இருந்தால் எந்த புராஜெக்ட்டிலும் எந்தக் கேள்வியும் கேட்கப்படாது.

ஒரு கணக்குக்கு ஓர் ஆள் என்ற விதி எங்கிருந்து வந்தது? 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பத்தோவின் குழு சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒரே ஐ.பி.எம். கணினியைப் பலர் ஒரே நேரத்தில் தங்கள் முனையங்களிலிருந்து பயன்படுத்தலாம். கணினி பொது, ஆனால் ஒவ்வொருவரின் கோப்புகளும் தனி, ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிய நேரமும் தனி. அதைப் பிரித்துக் காட்டத்தான் பெயரும் கடவுச்சொல்லும் வந்தன. வந்த அடுத்த வருடமே அது உடைந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதவில்லை. கோப்புகளை அச்செடுக்கத் துளையட்டையில் எழுதிக் கொடுக்கும் வசதி ஒன்று இருந்தது. அதில் கடவுச்சொல் கோப்பின் பெயரை எழுதிப் போட்டார். அச்சாகி வந்துவிட்டது. மற்றவர்களின் கணக்கில் நுழைந்து தன் வேலையை முடித்துக்கொண்டார்.

அதைவிடப் பாடம் சொல்லும் சம்பவம் 1966இல் அதே அமைப்பில் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் முனையத்திலும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகத் தொடங்கின. யாரும் தாக்கவில்லை. கோப்புகளைத் திருத்தும் நிரல், வேலை நடக்கும்போது ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கும். அதற்கு எப்போதும் ஒரே பெயர்தான். ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஓர் ஆள்தானே இருப்பார், அதனால் பரவாயில்லை என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. ஆனால் நிர்வாகிகளின் வசதிக்காக, அவர்களுடைய பொதுக் கணக்கில் மட்டும் பல பேர் ஒரே சமயத்தில் வேலை செய்யலாம் என்று பின்னால் தளர்த்தியிருந்தார்கள். அன்று ஒரு நிர்வாகி அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். தற்காலிகக் கோப்புகள் இடம் மாறிவிட்டன. கோர்பத்தோ தன் டியூரிங் விருது உரையில் இதைத் தானே விவரித்திருக்கிறார்.

பொதுக் கணக்கு என்ற பழக்கம் இன்றும் ஒழியவில்லை. அதற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டுமில்லை, விலையும்தான். புராஜெக்ட் மேனேஜ்மென்ட் மென்பொருள்களில் பல, தலைக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா வாங்குகின்றன. பத்துப் பேர் கொண்ட சின்ன நிறுவனம் நான்கு கணக்குக்குப் பணம் கட்டி, ‘டெஸ்டிங்’ என்ற பெயரில் ஒரே கணக்கை நாலு பேருக்குக் கொடுத்துவிடும். அப்புறம் ஒரு டிக்கெட்டை (ஒரு வேலைக்கான பதிவை) யார் மூடியது என்று கேட்டால் ‘டெஸ்டிங்’ மூடியது என்றுதான் வரலாறு சொல்லும். அந்த நாலு பேரில் ஒருவர் வேலையை விட்டுப் போனால், மீதி மூன்று பேருக்கும் பாஸ்வேர்டை மாற்றிச் சொல்ல வேண்டும். அது நடக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். விலைப்பட்டியலை எழுதுகிறவர்கள் பாதுகாப்பையும் சேர்த்தே தீர்மானிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இனி அனுமதிக்கு வருவோம். நீங்கள் யார் என்று உறுதி செய்வது ஒரு கேள்வி. நீங்கள் என்ன செய்யலாம் என்பது வேறு கேள்வி. கடவுச்சொல், ஓ.டி.பி., கைரேகை எல்லாம் முதல் கேள்விக்கான விடைகள். இரண்டாவது கேள்விக்கு ஒரு சுத்தமான கணித வடிவம் கொடுத்தவர் பட்லர் லாம்ப்சன். 1971இல் அவர் முன்வைத்தது ஒரு சாதாரண அட்டவணை. வரிசைகளில் ஆட்கள், நெடுக்கில் பொருட்கள் (கோப்பு, புராஜெக்ட், டிக்கெட், எதுவும்). இரண்டும் சந்திக்கும் கட்டத்தில், அந்த ஆள் அந்தப் பொருளை என்னென்ன செய்யலாம் என்று எழுதியிருக்கும். உலகத்தில் உள்ள எந்த அனுமதி முறையையும் இந்த அட்டவணையாக எழுதிவிடலாம்.

எழுதலாம், பராமரிக்கத்தான் முடியாது. நாற்பது பேர், பதினைந்து புராஜெக்ட், ஒவ்வொன்றிலும் முப்பது விதமான அனுமதி என்று வையுங்கள். 18,000 கட்டங்கள். ரெட்மைனில் உள்ள அனுமதி வகைகள் முப்பதுக்கும் மேல். இத்தனையையும் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க முடியுமா? அதனால் ஒவ்வோர் அமைப்பும் இந்த அட்டவணையை ஏதாவது ஒரு விதத்தில் மடித்துச் சுருக்குகிறது. யூனிக்ஸ் சுருக்கிய விதம் பிரபலமானது. கோப்பின் சொந்தக்காரர், அவருடைய குழு, மற்ற எல்லோரும் என்று மூன்றே வகை ஆட்கள்; படிக்க, எழுத, இயக்க என்று மூன்றே செயல்கள். ஒன்பது பிட்டில் முடிந்துவிட்டது. இன்றும் லினக்ஸ் சர்வரில் 755, 644 என்று தட்டுகிறவர்கள் இந்த ஒன்பது பிட்டைத்தான் தட்டுகிறார்கள்.

அலுவலகத்துக்கு அந்தச் சுருக்கம் போதவில்லை. 1992இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குனும் வேறு மாதிரி மடித்தார்கள். ஆளுக்கு நேரடியாக அனுமதி கிடையாது. அனுமதிகள் ஒரு ரோலுக்கு, ரோல் ஆளுக்கு. நம் ஊர் வருவாய்த் துறையில் இது பழைய வழக்கம். கிராம நிர்வாக அலுவலர் மாற்றலாகிப் போகும்போது அ-பதிவேடும் அடங்கலும் அவரோடு பஸ் ஏறுவதில்லை. வருகிறவர் சார்ஜ் எடுத்துக்கொள்கிறார். போனவர் அடுத்த நாளிலிருந்து அந்தக் கிராமத்துக்குச் சான்றிதழ் எழுத முடியாது. ஃபெராயோலோவும் குனும் செய்தது இந்த ஏற்பாட்டைக் கணிதமாக எழுதியதுதான். 2004இல் அது அமெரிக்கத் தேசியத் தரமாகவும் ஆனது. மேலே சொன்ன நாற்பது பேர் அலுவலகத்தில் ஐந்து ரோல் வைத்தால், யோசித்து நிரப்ப வேண்டிய அனுமதிக் கட்டங்கள் 150. அதற்குப் பிறகு எந்த புராஜெக்ட்டில் யார் எந்த ரோல் என்று குறித்தால் போதும்.

ரெட்மைனில் இதை நேரில் பார்க்கலாம். ‘மேனேஜர்’, ‘டெவலப்பர்’, ‘ரிப்போர்ட்டர்’ என்று மூன்று ரோல்கள் ஆரம்ப அமைப்போடு கிடைக்கும். வேண்டுமானால் இன்னும் சேர்க்கலாம், பெயர் மாற்றலாம். இவை போக அழிக்கவே முடியாத இரண்டு ரோல்கள் உண்டு. ஒன்று, கணக்கு இருந்தும் அந்த புராஜெக்ட்டில் உறுப்பினராக இல்லாதவர். இன்னொன்று, கணக்கே இல்லாமல் எட்டிப் பார்க்கும் அநாமதேயர். பலர் இந்த இரண்டையும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு ரோலைத் திறந்தால் நீளமான டிக் பட்டியல் வரும். வாடிக்கையாளருக்கென்று ஒரு ரோல் அமைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் போடலாம், கமென்ட் எழுதலாம், இரண்டுக்கும் டிக். எந்த டிக்கெட்டுகள் தெரிய வேண்டும் என்று தனியாக ஒரு கேள்வி இருக்கும்: எல்லாமா, அந்தரங்கமானவை தவிர மற்றவையா, அல்லது தான் போட்டதும் தன்மேல் போடப்பட்டதும் மட்டுமா? அடுத்து, அந்தரங்கக் குறிப்புகளைப் பார்க்கலாமா என்று ஒரு பெட்டி. “இந்த பக் நம்ம பக்கத்துத் தப்புதான், கிளையன்ட்கிட்ட இப்போ சொல்ல வேண்டாம்” என்று டெவலப்பர் எழுதும் குறிப்பு வாடிக்கையாளர் கண்ணில் படுமா படாதா என்பதைத் தீர்மானிப்பது இந்த ஒரு டிக்தான். செலவழித்த நேரத்தைப் பார்க்கலாமா என்பது இன்னொரு பெட்டி. மணிக்கணக்கில் பில் போடும் நிறுவனம் அதை எப்படி விடுகிறது என்பதைப் பொறுத்து அடுத்த மாதப் பேச்சுவார்த்தையின் சூடு மாறும்.

இதோடு ஒர்க்ஃப்ளோ என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு டிக்கெட் ‘புதிது’ நிலையிலிருந்து ‘நடக்கிறது’, ‘முடிந்தது’, ‘மூடப்பட்டது’ என்று நகரும்போது, எந்த ரோல் எந்த நகர்வைச் செய்யலாம் என்று அதில் குறிக்கலாம். எழுதியவரே ‘முடிந்தது’ என்று சொல்லலாம், ஆனால் மூடுவது வேறு ஆள் என்று வைத்தால், வங்கிகளில் மேக்கர், செக்கர் என்று சொல்கிறார்களே, அதே ஏற்பாடு இங்கேயும் வந்துவிடும்.

எதுவும் சொல்லாவிட்டால் என்ன நடக்கும்? அனுமதி முறைகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். 1975இல் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் எழுதிய கட்டுரை எட்டு வடிவமைப்பு விதிகளைச் சொன்னது. அதில் ஒன்று, அனுமதி என்று எழுதியிருந்தால் மட்டுமே விடு. எழுதாத எதற்கும் தடை. அவர்கள் சொன்ன காரணம் அழகானது. இப்படி அமைத்த இடத்தில் தவறு நடந்தால், அனுமதி வேண்டியவருக்குக் கிடைக்காது, அவர் உடனே வந்து சத்தம் போடுவார், தவறு தெரிந்துவிடும். தலைகீழாக அமைத்த இடத்தில் தவறு நடந்தால், வேண்டாதவருக்கு அனுமதி கிடைக்கும். அவர் எதற்கு வந்து சொல்லப் போகிறார்?

ரெட்மைனில் புதிய புராஜெக்ட் தொடங்கும்போது ‘பொது’ என்று ஒரு பெட்டி இருக்கும். நிர்வாகி மாற்றி வைக்காத வரை அதில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும். உள்ளே வரக் கணக்கு கட்டாயம் என்ற அமைப்பையும் போடாமல் விட்டால், இணையத்தில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அந்த புராஜெக்ட்டைப் பார்க்கலாம். கட்டற்ற மென்பொருள் குழுக்களுக்கு இது வேண்டும்; அவர்கள் உலகமே பார்க்கட்டும் என்றுதான் வேலை செய்கிறார்கள். உள்ளூர் நிறுவனத்துக்கு இது வேண்டாத வினை. ஜிரா என்ற இன்னொரு புராஜெக்ட் மேனேஜ்மென்ட் மென்பொருளில் நடந்தது இதன் பெரிய வடிவம். அதில் டாஷ்போர்டுகளையும் தேடல் வடிகட்டிகளையும் யாரோடு பகிர வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ‘எல்லோரும்’ என்று ஒரு தேர்வு இருந்தது. நம் நிறுவனத்தில் உள்ள எல்லோரும் என்று நிர்வாகிகள் எடுத்துக்கொண்டார்கள். மென்பொருளோ இணையத்தில் உள்ள எல்லோரும் என்று எடுத்துக்கொண்டது. 2019இல் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் ஜிரா தளம் இதே வழியில் ஊழியர் பெயர்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் வெளியே காட்டிக்கொண்டிருந்தது தெரிய வந்தது. அதற்கு முந்தைய வருடம் பிரிட்டன், கனடா அரசுத் துறைகள் ட்ரெல்லோ என்ற இதே வகை மென்பொருளில் வைத்திருந்த வேலைப் பலகைகள், கடவுச்சொற்கள் உட்பட, கூகுள் தேடலிலேயே சிக்கின. ஒரு பூட்டுகூட உடைக்கப்படவில்லை. பலகையைப் பொதுவாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இங்கே கொஞ்சம் ஆழமான விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அனுமதிகளைப் பற்றி நிர்வாகி கேட்கும் மிக இயல்பான கேள்வி இது: ‘இப்போது இந்த ஆளுக்கு இந்த ஆவணம் தெரியாது, சரி. நாளைக்கோ அடுத்த வருடமோ, ஒவ்வொருவரும் தங்களுக்கு அனுமதித்ததை மட்டுமே முறையாகச் செய்துகொண்டு போகும்போது, எப்படியாவது சுற்றி வளைத்து அவர் கைக்கு அது போய்ச்சேர வழி இருக்கிறதா?’ 1976இல் மைக்கேல் ஹாரிசன், வால்டர் ருஸ்ஸோ, ஜெஃப்ரி உல்மன் மூவரும் இந்தக் கேள்வியைக் கணிதமாக்கினார்கள். லாம்ப்சனின் அட்டவணையை எடுத்துக்கொண்டு, அதை மாற்றக்கூடிய விதிகளையும் சேர்த்தார்கள். புதிய ஆளைச் சேர்ப்பது, கட்டத்தில் அனுமதி எழுதுவது, அழிப்பது போன்றவை. எந்த அமைப்பைக் கொடுத்தாலும் இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லும் நிரல் ஒன்று எழுத முடியுமா? முடியாது என்று நிரூபித்தார்கள். இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்ற பொருளில் இல்லை. அப்படி ஒரு நிரல் இருக்கவே முடியாது.

நிரூபணத்தின் சூட்சுமம் ரசிக்கத்தக்கது. ஆலன் டியூரிங் 1936இல் கற்பனை செய்த இயந்திரத்துக்கு ஒரு நீள நாடா உண்டு. அதில் குறிகளைப் படித்து, அழித்து, எழுதிக்கொண்டே போகும். எப்போதாவது நிற்குமா நிற்காதா என்பதைப் பொதுவாகக் கணிக்க முடியாது என்பது அவர் கண்ட உண்மை. ஹாரிசன் குழுவினர் அந்த நாடாவை அனுமதி அட்டவணையின் மூலைவிட்டத்தில் மடித்து வைத்துவிட்டார்கள். நாடாவில் உள்ள ஒவ்வொரு குறியும் ஒரு வகை அனுமதி. நாடா நீள வேண்டுமா? புதிதாக ஒரு பயனரைச் சேர்த்தால் அட்டவணை ஒரு கட்டம் நீளும். இயந்திரத்தின் ஒவ்வோர் அடியும் ஓர் அனுமதி மாற்றம். இயந்திரம் நின்றால் குறிப்பிட்ட ஓர் அனுமதி ஒரு கட்டத்தில் தோன்றும்; நிற்காவிட்டால் தோன்றாது. ஆகவே அனுமதி கசியுமா என்று கணிக்கத் தெரிந்தால் இயந்திரம் நிற்குமா என்றும் கணிக்கத் தெரிந்துவிடும். அது நடக்காது என்பது முன்பே முடிவான விஷயம்.

இதைப் படித்துவிட்டுக் கையை விரிக்க வேண்டியதில்லை. இந்த முடிவு எல்லா அமைப்புகளுக்கும் சேர்த்துச் சொன்னது. புதிய ஆட்களையும் பொருட்களையும் உருவாக்கவே முடியாது என்று கட்டுப்படுத்தினால் கேள்விக்கு விடை உண்டு. அடுத்த வருடமே ரிச்சர்ட் லிப்டனும் லாரன்ஸ் ஸ்னைடரும் இன்னொரு வகைக் கட்டுப்பாட்டைக் காட்டினார்கள். அதில் விடையை மிக வேகமாகவே கணக்கிடலாம். ரெட்மைனில் ரோல்களை வரையறுப்பது நிர்வாகி மட்டுமே என்பதால் அங்கேயும் யோசித்து விடை காண முடிகிறது. ஆனாலும் ஒரு பெட்டியைக் கவனிக்க வேண்டும்: ‘உறுப்பினர்களை நிர்வகித்தல்’. அந்தரங்கக் குறிப்புகளைப் பார்க்க அனுமதியில்லாத ஒருவருக்கு இந்த ஒரு டிக் மட்டும் இருந்தால், அனுமதி உள்ள ரோலைத் தனக்குத் தானே போட்டுக்கொள்ளலாம். முறைப்படி எந்த விதியையும் அவர் மீறவில்லை. பின்னால் வந்த பதிப்புகளில், இந்த ரோலில் உள்ளவர் எந்தெந்த ரோல்களைக் கொடுக்கலாம் என்று தனியாகக் கட்டுப்படுத்தும் வசதி வந்தது. அது இருப்பதே தெரியாத நிர்வாகிகள் நிறைய இருக்கலாம்.

இப்போது திரும்ப எடுக்கும் வேலை. ஒருவர் வேறு குழுவுக்கு மாறிவிட்டார். பழைய புராஜெக்ட்டில் அவர் பெயரைத் தேடி எடுத்துவிடுகிறீர்கள். முடிந்ததா? அவர் ‘க்யூ.ஏ.’ என்ற குழுவிலும் இருக்கிறார். அந்தக் குழு அதே புராஜெக்ட்டில் உறுப்பினர். அந்த புராஜெக்ட், தாய் புராஜெக்ட்டின் உறுப்பினர்களை அப்படியே சுவீகரிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அங்கேயும் அவர் இருக்கிறார். ரெட்மைனில் ஒருவருக்குப் பல ரோல் இருந்தால் அனுமதிகள் கூட்டிக்கொள்ளப்படும். ஏதாவது ஒரு ரோல் ‘ஆம்’ என்றால் ஆம்தான். ‘இவருக்கு மட்டும் கூடாது’ என்று எழுத இடமே கிடையாது. அதாவது கொடுக்க ஒரு வழி போதும். எடுக்க எல்லா வழிகளையும் அடைக்க வேண்டும். இதற்குத்தான் முதலிலேயே தனி ஆளாகச் சேர்க்காமல், குழுவாக மட்டுமே சேர்ப்பது என்று ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள் அனுபவசாலிகள். அப்போது அடைக்க வேண்டிய வழியும் ஒன்றுதான்.

வேலையை விட்டே போனவர் விஷயம் இன்னும் முக்கியம். 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம், கணினிகளை முடக்கிப் பணம் கேட்ட ஒரு தாக்குதலால், தன் எரிபொருள் குழாய்த் தடத்தை நிறுத்த நேர்ந்தது. கிழக்குக் கரையில் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நின்றது. பணயக் குழுவுக்கு நிறுவனம் கொடுத்தது 75 பிட்காயின். அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர். தாக்கியவர்கள் நுழைந்த வழி, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய வி.பி.என். கணக்கு. வேலைக்கு வேண்டாத கணக்கு, ஆனால் உயிரோடு இருந்தது. கடவுச்சொல்லைத் தவிர இரண்டாவது சோதனையும் அதில் இல்லை.

ரெட்மைனில் இப்படிப்பட்ட கணக்குக்கு இரண்டு பொத்தான்கள் இருக்கும்: பூட்டு, நீக்கு. போனவர்மேல் உள்ள கோபத்தில் சிலர் நீக்கை அழுத்திவிடுவார்கள். நீக்கினால், அவர் எழுதிய டிக்கெட்டுகளும் கமென்ட்டுகளும் அப்படியே இருக்கும். எழுதியவர் பெயர் மட்டும் ‘அநாமதேயர்’ என்று மாறிவிடும். மூன்று வருடம் கழித்து ஒரு தகராறு வந்து, இந்த மாற்றத்தை ஒப்புக்கொண்டது யார் என்று தேடினால் பதில் இருக்காது. பூட்டினால் அவர் உள்ளே வர முடியாது. வரலாறு முழுசாக இருக்கும். கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியடைவதும் தவறு. பல மென்பொருள்களில், மற்ற நிரல்கள் உள்ளே வரப் பயன்படுத்தும் ஏ.பி.ஐ. சாவி தனி; கடவுச்சொல் மாறினாலும் அது வேலை செய்துகொண்டிருக்கும்.

திரும்ப எடுப்பதில் இருக்கும் சிக்கல், அளவு பெரிதாகும்போது இயற்பியல் வரைக்கும் போய்விடுகிறது. ஒரு ஃபோல்டரிலிருந்து ஒருவரை நீக்குகிறீர்கள். அடுத்த நொடி, ‘ஆள் போய்ட்டார், இனி சம்பளப் பட்டியலை அதில் போடலாம்’ என்று சக ஊழியரிடம் சொல்கிறீர்கள். உங்கள் நீக்கம் ஒரு கண்டத்து சர்வரில் பதிவாகிறது. பட்டியல் இன்னொரு கண்டத்து சர்வரில். செய்தி போய்ச்சேர நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் இரண்டாவது சர்வர் பழைய அனுமதிப் பட்டியலைப் பார்த்துப் புதிய ஆவணத்தைக் காட்டிவிட்டால்? கூகுள் 2019இல் வெளியிட்ட சான்சிபார் என்ற அமைப்பின் ஆய்வுக் கட்டுரை இதைப் ‘புதிய எதிரி’ சிக்கல் என்கிறது. டிரைவ், யூடியூப், காலண்டர் எல்லாவற்றுக்கும் யார் எதைப் பார்க்கலாம் என்று சொல்வது சான்சிபார். அந்தக் கட்டுரை வெளியானபோது அதில் இரண்டு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட அனுமதிப் பதிவுகள், நொடிக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட கேள்விகள். நூற்றில் 95 கேள்விகளுக்குப் பத்து மில்லி நொடிக்குள் பதில். புதிய எதிரியைச் சமாளிக்க அவர்கள் கையாண்ட வழி நேரமுத்திரை. அணுக் கடிகாரங்களையும் ஜி.பி.எஸ்ஸையும் வைத்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் நம்பகமான நேரம் குறிக்கப்படுகிறது. ஆவணம் மாறும்போது அந்த நேரத்தின் அடையாளம் ஆவணத்தோடு சேர்த்து வைக்கப்படுகிறது. யாராவது திறக்க வந்தால், அந்த நேரத்துக்கு முந்திய அனுமதிப் பட்டியலை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது விதி.

உங்கள் அலுவலகத்துக்கு அணுக் கடிகாரம் தேவையில்லை, எளிமை போதும். சால்ட்சர், ஷ்ரோடர் சொன்ன எட்டு விதிகளில் கடைசியானது, பாதுகாப்பு என்பது பயன்படுத்துகிறவருக்கு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. ஒரு டிக்கெட்டைத் திறக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும் என்று வைத்தால், மக்கள் அதையெல்லாம் எக்ஸெல்லில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வார்கள். அதற்கு இந்த மென்பொருளே தேவையில்லை. ஐந்து ரோலுக்கு மேல் வேண்டும் என்று யாராவது கேட்டால் இரண்டு முறை யோசியுங்கள். அனுமதி கொடுக்கும்போதே, இது எந்தத் தேதி வரைக்கும் என்று ஒரு டிக்கெட்டாகப் போட்டு உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் மென்பொருளின் பயனர் பட்டியலைத் திறந்து, கடைசியாக உள்ளே வந்த தேதிப்படி அடுக்குங்கள். ரெட்மைனில் அதற்கென்றே ஒரு நெடுவரிசை இருக்கிறது. ஆறு மாதமாக ஒருவரும் தொடாத கணக்குகள் மேலே வந்து நிற்கும். ஒவ்வொன்றும் யாருடையது என்று விசாரியுங்கள். தெரியவில்லை என்றால் பூட்டிவிடுங்கள். வேலை நிற்கிறது என்று யாராவது கூப்பிட்டால் அரை நிமிடத்தில் திறந்து கொடுத்துவிடலாம்.